வீட்டில் எல்லாரும் சௌக்கியம்

மைதிலியின் நெஞ்சிலிருந்து இரண்டாம் முறை நீர் எடுத்த அன்று, எங்கே வேலை பார்த்தீர்கள் என்று டாக்டர் கேட்டார். வீட்டைத் தவிர எங்கும் இல்லை என்றாள். கணவர் என்ன செய்கிறார் என்று கேட்டார். ஒயிட்ஃபீல்டுக்கு அப்பால் ஒரு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் கம்பெனியில் முப்பது வருஷமாக இருக்கிறார் என்றாள். அவருடைய துணிகளை யார் துவைப்பது என்று டாக்டர் அடுத்துக் கேட்டபோது, பக்கத்தில் நின்ற குணசேகர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நுரையீரலைச் சுற்றியிருக்கும் உறையில் புற்று. அந்தத் தூசியை சுவாசித்துப் பல வருஷம் கழித்து வருகிற நோய். சத்தியம் பண்ணிச் சொல்ல முடியாது, ஆனால் வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை என்றார் டாக்டர்.

குணசேகர் கோலார் தங்கவயலில் பிறந்தவர். அவருடைய அப்பா சுரங்கத் தூசியில் மார்பு அடைத்துப் போனவர். அதைப் பார்த்துவிட்டு, நிலத்துக்கடியில் இறங்கவே மாட்டேன் என்று பெங்களூருக்கு வந்து, ஷீட் அறுக்கும் பிரிவில் சேர்ந்தார். தொம்மலூரில் ஒண்டுக் குடித்தனம். மாலையில் அவர் வீட்டுக்குள் வரும்போது புருவமெல்லாம் வெள்ளையாக இருக்கும். மைதிலி யூனிஃபார்மை வாசலில் உதறி, சோப்புத் தண்ணீரில் ஊற வைத்து, கையால் கசக்கித் துவைப்பாள். கல்யாணமான புதிதில் அந்த வெள்ளைப் புருவத்தைப் பார்த்து அவள் சிரித்ததுண்டு.

பின்னால் அவர் யூனியன் செயலாளர் ஆனார். ஆஸ்பெஸ்டாஸைத் தடை செய்யச் சொல்லி யாராவது பேசும்போதெல்லாம், கேட் மீட்டிங்கில் சட்டைப் பொத்தானைக் கழற்றி மார்பைத் தட்டிக் காட்டுவார். என்னைப் பாருங்கள், எனக்கு என்ன ஆகிவிட்டது என்பார். தொழிலாளிகள் கை தட்டுவார்கள். கம்பெனியும் அவரை மரியாதையாக நடத்தியது.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபின் அவர் டாக்டர் சொன்னதைப் பற்றிப் பேசவே இல்லை. பழத்தை உரித்துக் கொடுத்தார், முதுகைத் தடவிவிட்டார், மூச்சு வாங்கும்போது தலையணையை உயர்த்தினார். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மகள் சுனிதா இன்டர்நெட்டில் படித்ததைச் சொல்ல வாயெடுத்தால் மட்டும் எழுந்து வெளியே போய்விடுவார்.

அந்தச் சமயத்தில்தான் ஆஸ்பெஸ்டாஸைத் தடை செய்வதைப் பற்றிக் கருத்துக் கேட்க ஒரு அரசாங்கக் கமிட்டி பெங்களூருக்கு வந்தது. தொழிலாளர் சார்பில் பேச வேண்டியவர் குணசேகர். பர்சனல் மேனேஜர் சுந்தரேசன் வீடு தேடி வந்து, மைதிலிக்கு ஆப்பிள் கொடுத்து, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் அம்மா என்று சொல்லிவிட்டுப் போனார். வேறு எதுவும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

மைதிலி அன்றைக்குத்தான் வாயைத் திறந்தாள்.

"மீட்டிங்ல இன்னா சொல்லப் போற?"

வேலையைப் பற்றித்தான் என்றார். முந்நூறு குடும்பம், பாதிப்பேருக்கு வேறு தொழில் தெரியாது, தடை வந்தால் தெருவில் நிற்பார்கள் என்று விளக்கினார்.

"அதெல்லாம் சொல்லு, நான் வேணாங்கல. கூடவே என் பேரையும் சொல்லு. என் பொண்டாட்டிக்கு இது வந்திருக்குன்னு சொல்லு. அது போதும்."

அவர் தலையை ஆட்டினார். சரி என்றா, பார்க்கலாம் என்றா என்று அவளுக்குப் புரியவில்லை.

கூட்டம் ஒரு ஹோட்டல் ஹாலில் நடந்தது. அவரிடம் சொல்லாமல், சுனிதாவின் தோளைப் பிடித்துக்கொண்டு மைதிலி ஆட்டோவில் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். தடை வேண்டும் என்றவர்கள் நோயைப் பற்றிப் பேசினார்கள். வேண்டாம் என்றவர்கள், ஏழைகளுக்கு இதைவிட மலிவான கூரை ஏது என்று கேட்டார்கள். பிறகு குணசேகர் மைக் முன்னால் வந்தார். வேலையைப் பற்றி நன்றாகவே பேசினார், வழக்கம்போல மார்பையும் தட்டிக் காட்டினார். முடிக்கும்போது கமிட்டித் தலைவர் கன்னடத்தில் ஒன்று கேட்டார். நீங்கள் நன்றாக இருக்கிறீர்கள், சந்தோஷம். வீட்டில் இருப்பவர்கள்?

குணசேகர் ஹாலைப் பார்த்தார். முன்வரிசையில் சுந்தரேசன் இருந்தார், அவருக்குப் பின்னால் கம்பெனி பஸ்ஸில் வந்த ஆட்கள் இருந்தார்கள்.

"வீட்ல எல்லாரும் சௌக்கியமா இருக்காங்க சார்."

சுனிதா எழுந்துவிட்டாள். மைதிலி அவளுடைய துப்பட்டாவைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். அத்தனை பேர் நடுவில் அவரைத் தலைகுனிய வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. கை தட்டல் ஓய்வதற்கு முன்பே இருவரும் வெளியே வந்துவிட்டார்கள்.

அவள் அங்கே இருந்தது அவருக்கு சுனிதா சொல்லித்தான் தெரியும். அன்றிரவு அவர் கட்டிலருகே வந்து நின்றபோது, மைதிலி சண்டை போடவில்லை.

"அந்தத் தூசியாலதான்னு நீ ஒத்துக்கினா, அதை வீட்டுக்குக் கொண்டாந்தது நீதான்னு ஆயிடும். அதானே பயம்?"

அவர் தரையில் உட்கார்ந்து அழுதார். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதற்குப்பிறகு அவர் கையால் தண்ணீர்கூட வாங்கவில்லை. எல்லாம் சுனிதாதான். மழைக்காலம் முடிவதற்குள் மைதிலி போய்விட்டாள். கம்பெனியிலிருந்து பெரிய மாலை வந்தது. சுனிதா அதை வாங்கி வாசலிலேயே வைத்துவிட்டாள்.

இன்னும் ஆராய வேண்டும் என்று சொல்லி கமிட்டி முடிவைத் தள்ளிப்போட்டது. குணசேகர் ஓய்வு பெற்றார். சுனிதா மல்லேஸ்வரத்தில் ஒரு ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். மறுவருஷம் மீண்டும் கருத்துக் கேட்கிறார்கள் என்று தெரிந்ததும், யாரும் கூப்பிடாமலே அவர் பெயர் கொடுத்தார்.

இந்தத் தடவை மைதிலியின் பெயரைச் சொன்னார். உதறியது, துவைத்தது, நீர் எடுத்தது எல்லாவற்றையும் சொன்னார். கம்பெனி வக்கீல் பொறுமையாகக் கேட்டுவிட்டு, போன கூட்டத்தில் இவர் சொன்னதைப் படித்துக் காட்டினார்.

"அன்னிக்கு பொய் சொன்னேன் சார்," என்றார் குணசேகர்.

"அன்னிக்கு யூனியன்ல இருந்தீங்க. இன்னிக்கு ரிட்டயர் ஆயிட்டீங்க. எது நிஜம்னு நாங்க எப்படி நம்பறது?" என்றார் வக்கீல்.

தலைவர் குறுக்கிட்டு, ஆஸ்பத்திரிக் காகிதத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். அதில் நோயின் பெயர் இருந்தது, தொழில் என்ற இடத்தில் இல்லத்தரசி என்றிருந்தது. கம்பெனியைப் பற்றியோ தூசியைப் பற்றியோ ஒரு வார்த்தையும் இல்லை. வருத்தப்படுகிறேன் என்று சொல்லி, அடுத்தவரைக் கூப்பிட்டார்.

வெளியே மரத்தடியில் கம்பெனி ஆட்கள் பொட்டலம் பிரித்துப் புளிச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களில் பலரை வேலைக்குச் சேர்த்துவிட்டவரே குணசேகர்தான். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. புதிய செயலாளர் சின்னப்பா மட்டும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தான். நேற்றுவரை அவர் பின்னாலேயே சுற்றிக் கொடி பிடித்தவன்.

"அண்ணி தங்கமானவங்கண்ணா. இல்லேன்னு சொல்லல. ஆனா செத்தவங்கள வெச்சு, உயிரோட இருக்கறவங்க சோத்துல மண்ணு போடாத."

அதை அவன் கோபமாகச் சொல்லவில்லை. அவனுக்கு இரண்டு பெண்கள், சின்னவள் இன்னும் நர்சரியில் படிக்கிறாள். பஸ் டிரைவர் ஹாரன் அடித்தான். இரண்டாம் ஷிஃப்ட்டுக்கு நேரமாகிவிட்டது. எல்லாரும் கையைக் கழுவிக்கொண்டு ஏறினார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்த சின்னப்பா, போகும்போது பழைய பழக்கத்தில் அவருக்குக் கும்பிடு போட்டான்.