பக்கத்து சீட்

திரும்பிப் போகிற விமானத்துக்கு நாற்பத்தெட்டு மணி நேரம் முன்னால் செக்-இன் திறக்கும் என்று டிக்கெட்டில் போட்டிருந்தது. அதற்கும் இரண்டு நாள் முன்பிருந்தே கவுன்டரம்மாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

கவுன்டரம்மா என்பது பெற்றவர்கள் வைத்த பேரல்ல. ரயில் நிலையத்து முன்பதிவு கவுன்டரில் முப்பத்தோரு வருஷம் உட்கார்ந்தவள். ஓய்வு பெற்ற பிறகும் வீட்டில் யார் எது கேட்டாலும், படிவத்தை ஒழுங்காக நிரப்பாதவனைப் பார்ப்பது போலக் கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பாள். அதனால் கணவர் வைத்த பேர் அது. அவர் சர்வேயர். சங்கிலியும் கல்லுமாக ஊர் ஊராக நிலத்தை அளந்தவர். அண்ணன் தம்பிகள் வெட்டிக்கொள்ளப் போன எத்தனையோ வரப்புகளை அரை அடி பிசகாமல் பிரித்துக் கொடுத்தவர்.

கல்யாணமாகி நாற்பது வருஷம் ஆனதற்காக இந்தக் கப்பல் பயணம் மகன் கொடுத்த பரிசு. கப்பலை அவன் பார்த்துக்கொண்டான். விமான டிக்கெட்டை மட்டும் அவள் விடவில்லை. டிக்கெட் எடுப்பதைப் பற்றி எனக்கே பாடமா என்று கேட்டு, தானே உட்கார்ந்து, இருவருக்கும் தனித்தனியாக இரண்டு டிக்கெட் எடுத்தாள். அது கவுன்டரில் படிந்த பழக்கம். ஒரே டிக்கெட்டில் குடும்பத்தையே ஏற்றிவிட்டு, கடைசி நேரத்தில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்ததும் மொத்த டிக்கெட்டையும் திருத்தச் சொல்லி ஜன்னலில் வந்து அழுத எத்தனை பேரை அவள் பார்த்திருக்கிறாள். சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அவள் சொல்லும் புத்திமதி அதுதான்: தனித்தனியாக எடு, தலைவலி இல்லை.

வரும்போது தலைவலி வந்தது. விமான நிலையத்தில் வரிசையில் நின்று வாங்கிய சீட்டுகளில் அவளுக்கு ஒன்பதாவது வரிசை, அவருக்கு இருபத்தேழு. ஐந்து மணி நேரம்தானே என்று விட்டுவிட்டாள். அசந்து தூங்கியும் விட்டாள். விழித்தபோது பின்பக்கத்தில் ஒரே சத்தம். சர்வேயர் யாரோ ஒருவருடைய சீட்டில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறார். சீட்டுக்குச் சொந்தக்காரர் கத்துகிறார். விமானப் பணிப்பெண் குனிந்து, "உங்க கூட யாரு சார் வந்திருக்காங்க?" என்று குழந்தையிடம் கேட்பது போலக் கேட்கிறாள். அவர் சுற்றிச் சுற்றிப் பார்க்கிறார். கவுன்டரம்மா எழுந்து ஓடினாள். பாத்ரூம் போய்விட்டு வரிசை மாறிப்போய்விட்டார் என்று எல்லோரையும் பார்த்துச் சிரித்தாள். அவரும் சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பை அவர் முகத்தில் அவள் அதுவரை பார்த்ததில்லை.

ஒரு வருஷமாகவே அப்படித்தான். கேட்டதையே கேட்பார். தெருமுனைக் கடைக்குப் போனவர் ஒன்றரை மணி நேரம் கழித்து வேறு திசையிலிருந்து வருவார். மகன் ஒருமுறை போனில், அப்பா ஒரே விஷயத்தை ரெண்டு தடவை கேட்கிறாரே என்றான். வயசானால் எல்லோருக்கும் அப்படித்தான், உனக்கும் வரும் என்று வாயை அடைத்துவிட்டாள். டாக்டரிடம் கூட்டிப் போகவில்லை. போனால் அதற்கு ஒரு பேர் வைத்துவிடுவார். பேர் வைத்துவிட்டால் மகன் ஒரு முடிவெடுப்பான், மருமகள் ஒரு முடிவெடுப்பாள், அவரை எங்கே வைத்துக்கொள்வது என்று மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பேசுவார்கள். அவரிடமும் அவள் மூச்சு விடவில்லை. சொன்னால் மனிதர் உடைந்துபோவார். நிலத்தின் மூலை முடுக்கெல்லாம் தெரிந்தவரிடம் போய், உங்களுக்கு வழி தெரியவில்லை என்று எந்த வாயால் சொல்வது?

ஆக, கப்பலில் ஒன்பது நாளாக அவரைக் கண்ணை விட்டு அகல விடவில்லை. ஆண்கள் கழிப்பறை வாசலில்கூடக் காவல் நின்றாள். கடலைப் பார்த்தாயா என்று யாராவது கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. அவர் முதுகைத்தான் பார்த்தாள். இனி மிச்சம் இருப்பது ஒன்றே ஒன்று. திரும்பும்போது ஐந்து மணி நேரம், அவர் பக்கத்தில் அவள் உட்கார்ந்தாக வேண்டும். இன்னொரு முறை அந்தச் சிரிப்பை அவர் சிரிக்கக் கூடாது.

அதற்கு வழி அவளுக்குத் தெரியும். தெரியும் என்றுதான் நினைத்தாள். கவுன்டர் திறக்கிற நிமிஷத்தில் முதல் ஆளாக நிற்கிறவனுக்குக் கேட்ட இடம் கிடைக்கும். இரண்டு படிவத்தையும் சேர்த்துக் கண்ணாடிக்கு அடியில் தள்ளினால் இரண்டு இடமும் பக்கத்துப் பக்கத்தில் விழும். முப்பத்தோரு வருஷம் அவளே அப்படிப் போட்டுக் கொடுத்திருக்கிறாள்.

இடையில் நேரம் வேறு படுத்தியது. முந்தாநாள்தான் கப்பலில் எல்லோரையும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளச் சொல்லியிருந்தார்கள். விமானம் கிளம்பும் ஊரில் பதினொன்று நாற்பது என்றால் கப்பலில் பத்து நாற்பதா, பன்னிரண்டு நாற்பதா? விரல் விட்டு எண்ணினாள், காகிதத்தில் எழுதினாள், அறையைச் சுத்தம் செய்ய வந்தவரை நிறுத்திக் கேட்டாள். பத்து நாற்பது என்று முடிவானது. அப்படியும் நம்பிக்கை வராமல் ஒன்பதரைக்கே அவரைக் கிளப்பிவிட்டாள்.

ஏழாவது தளத்தில் மாடிப்படிக்குப் பக்கத்தில் இரண்டு சோபா போட்டிருந்த இடத்தில்தான் இன்டர்நெட் ஓரளவு எடுக்கும். அவரை அதில் உட்கார வைத்து, கையில் டீயைக் கொடுத்து, தன் போனையும் அவர் போனையும் மடியில் அக்கம்பக்கமாக வைத்துக்கொண்டாள். இரண்டிலும் பேர், பதிவு எண் எல்லாம் அடித்தாயிற்று. இனி அமுக்க வேண்டியதுதான்.

"எப்ப வீட்டுக்குப் போறோம்?" என்றார்.

"நாளன்னைக்கு."

டீயைக் குடித்தார். படியில் ஏறுகிறவர்களையும் இறங்குகிறவர்களையும் பார்த்தார். சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு மறுபடியும் எப்போது வீட்டுக்கு என்றார். நாளன்னைக்கு என்றாள். நாலாவது முறை கேட்டபோது அவளுக்குச் சுள்ளென்று வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு அதே பதிலைச் சொன்னாள். பத்து இருபதுக்குப் பக்கத்தை ஒருமுறை புதுப்பித்தாள். இன்னும் திறக்கவில்லை. இருபத்தைந்துக்குப் புதுப்பித்தாள். முப்பதுக்கு அவர் எழுந்தார், அவளும் எழுந்தாள். சும்மா கால் நீட்டத்தான் எழுந்தார். உட்கார்ந்தார், அவளும் உட்கார்ந்தாள். எதிரில் இருந்த அம்மாள் ஒருத்தி இந்தக் கூத்தைப் பார்த்துவிட்டு மரியாதையாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பத்து நாற்பது. வலது கட்டை விரல் ஒரு போனில், இடது கட்டை விரல் மற்றதில். ஒரே நேரத்தில் அமுக்கினாள். இரண்டு வட்டங்கள் சுற்ற ஆரம்பித்தன. இப்படிச் சேர்த்து அமுக்கினால் கம்ப்யூட்டருக்குப் புரியும் என்று அவள் மனப்பூர்வமாக நம்பினாள். உள்ளே ஒருத்தி உட்கார்ந்து, ஓஹோ புருஷன் பெண்சாதி போலிருக்கிறது என்று பார்த்துப் போடுவாள் என்கிற மாதிரி.

உள்ளே யாரும் இல்லை. அவளுக்குப் பன்னிரண்டு எஃப் வந்தது. அவருக்கு முப்பது பி.

மாற்ற முடியுமா என்று தேடினாள். இந்த வகை டிக்கெட்டுக்கு இடத்தைக் கணினியே ஒதுக்கும், மாற்ற இயலாது என்றது. அதற்குக் கீழே பொடி எழுத்தில் இன்னொரு வரி: ஒரே பதிவில் பயணம் செய்கிறவர்களைக் கூடியவரை ஒன்றாக உட்கார வைப்போம். அதைப் படித்ததும் அவளுக்குக் கை கால் ஓடவில்லை. ஒரே பதிவு. யாரோ ஒரு புண்ணியவதி தனித்தனியாக எடுத்தாளே. முப்பத்தோரு வருஷ அனுபவம். தன் தலையில் தானே குட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. ஆத்திரம், அதற்கு மேல் பயம்.

அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஐந்தாவது தளத்து வரவேற்பு மேஜைக்கு இறங்கினாள். அங்கே கழுத்தில் ஸ்கார்ஃப் கட்டிய ஒரு பெண் இருந்தாள். விஷயத்தைப் பொறுமையாகக் கேட்டாள், விமானக் கம்பெனிக்குத் தானே போன் போட்டாள். போனின் மறுமுனையில் இருந்தவர் கேட்பதை இவள் இங்கே கேட்டாள். எதற்காக அம்மா பக்கத்தில் உட்கார வேண்டும்?

கவுன்டரம்மா முழங்கால் வலி என்றாள். முழங்கால் வலிக்கு ஓரத்து சீட் தருவார்களாம். ரத்த அழுத்தம் என்றாள். மாத்திரையைக் கைப்பையில் வைத்துக்கொள்ளச் சொன்னார்களாம். அவருக்கு விமானம் என்றாலே பயம் என்றாள். பக்கத்தில் நின்ற சர்வேயர், யாருக்குப் பயம் என்பது போல அவளைப் பார்த்தார். இந்த மாதிரி பொய்களைக் கவுன்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து அவள் ஆயிரம் கேட்டிருக்கிறாள். கேட்ட மாத்திரத்தில் தெரிந்துவிடும். ஸ்கார்ஃப் பெண்ணுக்கும் தெரிந்துவிட்டது என்பது அவள் முகத்திலேயே இருந்தது. ஆனாலும் அந்தப் பெண் போனைக் கையால் பொத்திக்கொண்டு தாழ்ந்த குரலில்தான் பேசினாள்.

"அம்மா, பக்கத்துல ஆள் கட்டாயம் வேணும்னா ஒரே வழிதான் இருக்காம். அவரால தனியா இருக்க முடியாதுன்னு நீங்க சொல்லணும், ஏன்னும் சொல்லணும். அப்படி ஏதாவது இருக்கா?"

கவுன்டரம்மா கணவர் பக்கம் திரும்பினாள். என்னங்க, அந்தப் படத்தை எல்லாம் போய்ப் பாருங்களேன் என்று சுவரைக் காட்டினாள். அவர் படத்தைப் பார்த்தார், ஆனால் நகரவில்லை. பின்னால் மூன்று பேர் வரிசையில் நின்றுவிட்டார்கள். மறுமுனையில் இருப்பவர் எந்த நேரமும் வைத்துவிடலாம். ஐந்து மணி நேரம் அவர் யாரோ இரண்டு பேருக்கு நடுவில் உட்கார்ந்து, எழுந்து, நடந்து, அந்தச் சிரிப்பைச் சிரிப்பார். அதைவிட இது தேவலை என்று தோன்றியது. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"இருக்கு," என்றாள். "அவருக்கு மறந்துபோகுது. எங்க இருக்கோம், எங்க உட்கார்ந்திருந்தோம், எல்லாம். தனியா விட்டா என்னைத் தேட ஆரம்பிச்சுடுவாரு. தேடினாலும் கண்டுபிடிக்க முடியாது."

ஸ்கார்ஃப் பெண் அதை அப்படியே போனில் சொன்னாள். மெதுவாகத்தான் சொன்னாள், ஆனாலும் ஒவ்வொரு சொல்லும் கேட்டது. கவுன்டரம்மாவுக்குத் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. ஒரு வருஷமாகப் பொத்திப் பொத்தி வைத்ததை, முன்பின் தெரியாத பெண்ணிடம், அவர் காது கேட்க, ஒரு சீட்டுக்காகப் போட்டு உடைத்தாயிற்று.

"உனக்குத் தெரியுமா?" என்று அவர் பின்னாலிருந்து கேட்டார்.

ஆமாம் என்று அவள் தலையை ஆட்டினாள்.

"உனக்குத் தெரியாதுன்னுல்ல நான் நெனச்சிட்டிருந்தேன்."

அவர் குரலில் கோபம் இல்லை. கண்டுபிடிக்கப்பட்டவனின் கூச்சம்தான் இருந்தது. சட்டைப் பைக்குள் கையை விட்டு நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்துப் பிரித்து மேஜை மேல் வைத்தார். அளவைப் புத்தகத்தில் எழுதுகிற அதே பொடி எழுத்து. மேலே அன்றைய தேதி. அறை எண். லிஃப்டிலிருந்து இடது பக்கம் முப்பத்தெட்டு காலடி. கதவைக் குறிக்க ஒரு சின்னக் கோடு. அதற்குக் கீழே, இரண்டு முறை அடிக்கோடு போட்டு: பச்சைச் சேலை, கறுப்புப் பை.

கவுன்டரம்மா குனிந்து தன் சேலையைப் பார்த்தாள். பச்சைதான்.

"தெனமும் நீ குளிச்சிட்டு வந்ததும் எழுதி வச்சிருவேன்," என்றார். "கூட்டத்துல எல்லாரும் ஒரே மாதிரி தெரியறாங்க. சேலையைப் பார்த்துப் பிடிச்சுக்கலாம்னு." காகிதத்தின் மடிப்பை விரலால் நீவினார். "வரும்போது ஃப்ளைட்லயும் எழுதித்தான் வச்சிருந்தேன். நீலச் சேலைன்னு. வரிசை வரிசையாப் பார்த்துட்டே போனேன். நீலச் சேலை எங்கயுமே இல்ல. நீ இறங்கிட்டியோன்னு நெனச்சேன்."

அவளுக்கு நினைவு வந்தது. குளிர் தாங்காமல், அங்கே கொடுத்த சாம்பல் நிறப் போர்வையைக் கழுத்து வரைக்கும் இழுத்து மூடிக்கொண்டு அவள் தூங்கியிருந்தாள். அவர் அவளைத் தாண்டித்தான் போயிருக்க வேண்டும். ஒரு முறை அல்ல, போகும்போதும் வரும்போதும்.

ஸ்கார்ஃப் பெண் போனை வைத்துவிட்டு, கடைசி வரிசையில் இரண்டு இடம் சேர்ந்தாற்போல் கிடைத்துவிட்டது என்றாள். சாய்க்க முடியாது, கழிப்பறைக்குப் பக்கம், பரவாயில்லையா? பரவாயில்லை என்று தலையாட்டிவிட்டு கவுன்டரம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வரிசையில் நின்றவர்கள் முன்னால் நகர்ந்தார்கள். இவர்கள் இருவரும் ஓரமாக ஒதுங்கி நின்றார்கள்.

"இந்தத் தடவை நான் போர்வை போத்திக்க மாட்டேங்க," என்றாள்.

அவர் காகிதத்தை மடித்துக்கொண்டே கொஞ்சம் யோசித்தார்.

"குளிருமே உனக்கு," என்றார். "பக்கத்துலதானே இருக்கப் போறே. போத்திக்கோ."