சந்துப் பக்கத்துக் கிளைகள்

தண்ணீர் மீட்டர் கணக்கெடுப்பவரின் மனைவி காய்ந்த துணிகளை எடுத்து வரப் பின்தோட்டத்துக்குள் போய், திரும்பி வர வழி தெரியாமல் ஏழு வருஷமும் நான்கு மாதமும் அங்கேயே இருந்தாள். தோட்டம் அப்படியொன்றும் பெரிதல்ல. பின்கதவிலிருந்து கடைசி மதில் வரை இருபத்தைந்து அடி இருந்தால் அதிகம். அதில் ஒரு மாமரம், இரண்டு கொய்யா, ஓர் எலுமிச்சை. மதிலில் ஒரு சின்ன மரக்கதவு சந்துக்குத் திறக்கும். சந்தின் கோடியில் பேருந்து நிறுத்தம். அங்கே வண்டி ஏறினால் ஒரு மணி நேரத்தில் அவளுடைய அக்கா வீடு. இந்தக் கதவையும் அக்கா வீட்டையும் மீட்டர்காரர் ஒரு நாளும் மறந்ததில்லை.

ஏனென்றால் அவள் அன்றைக்குக் கோபமாகத்தான் போனாள். கொய்யாக் கிளை கொடிக்கயிற்றின் மேல் சாய்ந்து கிடக்கிறது, துவைத்த துணியிலெல்லாம் பறவை எச்சம், அதைக் கொஞ்சம் வெட்டிவிடுங்கள் என்று பதினோரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஊரார் வீட்டு மீட்டரில் ஒரு சொட்டு கூடினாலும் மூக்கில் வியர்த்துவிடும் மனுஷனுக்குச் சொந்த வீட்டில் ஒரு கிளை கண்ணில் படவில்லை. "ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாம்" என்பார். அன்றைக்கும் செய்தித்தாளை இறக்காமல் அதையே சொன்னார். "இன்னொரு ஞாயித்துக்கிழமைய என்கிட்ட சொல்லாதீங்க. எங்க அக்கா வீட்டுக்குப் போயிடுவேன்" என்று சொல்லிவிட்டு அவள் கிளைகளை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். கிளைகள் மூடிக்கொண்டன.

தேடாமல் இருந்தார்கள் என்று சொல்லக்கூடாது. எதிர்வீட்டு பேக்கரிக்காரர் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு உள்ளே போனார். காலையில் போனவர் மத்தியானம் போன இடத்திலேயே வெளியே வந்து, இரண்டு நாள் நடந்தேன் என்றார். சட்டைப் பையில் பழுத்த கொய்யா இரண்டு இருந்தன. அதற்குமேல் யாரும் முயற்சி செய்யவில்லை. ஆனால் அவள் குரல் கேட்டது. "என்னங்க, இங்க எந்தப் பக்கம் திரும்பினாலும் கிளைதாங்க" என்றாள். மீட்டர்காரர் சாப்பாட்டுத் தட்டைத் தொரட்டியால் கிளைகளுக்கு அடியில் தள்ளிவிடுவார். தட்டு கழுவித் திரும்பி வரும். கூடவே, "உப்பு என்ன, ஊரை விட்டுப் போயிடுச்சா?" என்று ஒரு வார்த்தையும் வரும். தோட்டத்துக் குழாய் உள்ளேதான் எங்கோ இருந்தது. மாதாமாதம் வீட்டு மீட்டரில் இரண்டு பேர் செலவழித்த தண்ணீர் ஓடியிருக்கும். அதைப் பார்த்து அவர் நிம்மதியாக மூச்சு விடுவார்.

முதல் ஐந்து வருஷம் அவரே அரிவாளோடு இறங்கினார். மரத்தின் மேல் இருந்த ஆத்திரமோ தன் மேல் இருந்த ஆத்திரமோ, உச்சி உச்சியாகப் பார்த்து வெட்டித் தள்ளினார். அடுத்த மழைக்கு வெட்டிய இடமெல்லாம் கொத்துக் கொத்தாகத் துளிர்த்துத் தோட்டம் முன்னைவிட அடர்ந்துவிடும். ஒருமுறை வெட்டிய தழைகளைக் கொளுத்தினார். புகை முழுக்க உள்ளே போய் அவள் இருமினாள். அப்புறம் ஐந்து மாதம் பேசவே இல்லை. பாவம், அந்த ஐந்து மாதமும் மனுஷன் பின்கதவுப் படியில் உட்கார்ந்தே காபி குடித்தார்.

ஏணிக்காரம்மா வந்தது அதற்கப்புறம்தான். தோளில் ஏணி இல்லாமல் அவளை யாரும் பார்த்ததில்லை, அதனால் அந்தப் பெயர். மரங்களில் கிளை கழிப்பதுதான் தொழில். அரைநாள் முழுக்க ஒரு இலையைக்கூடத் தொடாமல் அண்ணாந்து பார்த்துக்கொண்டே சுற்றி வந்தாள்.

"யாரு சார் இதை இப்படி மொட்டை அடிச்சது?"

"நான்தான்."

"நல்லா அடிச்சீங்க போங்க. ஒரு வெட்டுக்குப் பத்து முளைக்குமே. சரி, உள்ள ஆள் இருக்காப்ல இருக்கே?"

"என் வீட்டுக்காரி."

"அப்ப ரம்பம் போடுறதுக்கு முன்னாடி குரல் குடுக்கணும்" என்றாள். வேறொன்றும் கேட்கவில்லை. காய்ந்த கிளை முதலில், ஒன்றோடொன்று உரசுகிற கிளை அடுத்தது, ஒரு வருஷத்துக்கு மூன்றில் ஒரு பங்குக்குமேல் கூடாது, எந்தப் பக்கம் எடுத்தாலும் எதிர்ப்பக்கமும் அதே அளவு எடுக்க வேண்டும் என்றாள். கழித்ததைக் கொளுத்தாதீர்கள், குழி வெட்டி மக்க வையுங்கள் என்றும் சொன்னாள்.

மீட்டர்காரர் பின்கதவுக்குப் பக்கத்தில் குழி வெட்டினார். குச்சிகளை விரல் நீளத்துக்கு நறுக்கினார். பச்சை இலை ஒரு அடுக்கு, காய்ந்த இலை ஒரு அடுக்கு, மேலே ஒரு கூடை மண், கொஞ்சம் தண்ணீர். பத்து நாளைக்கு ஒருமுறை கிளறிவிட்டார். முதல் தடவை கிளறியபோது ஆவியோடு குரல்களும் கிளம்பின. அவர் குரலும் அவள் குரலும். சமையலறை ஜன்னலோரத்து இலைகள் அத்தனை வருஷச் சண்டையையும் கேட்டுக்கொண்டுதானே இருந்தன. "உங்க அக்காவுக்கு வேற வேலை இல்ல", "நான் என்ன இந்த வீட்டு வேலைக்காரியா", "சும்மா நொய்நொய்னு", எல்லாம் சுடச்சுட வந்தன. மீட்டர்காரருக்கு உடம்பு கூசியது. உள்ளேயிருந்து அவளும் கேட்டாள்.

மூன்றாவது தடவை அவள்தான் பேச்சை ஆரம்பித்தாள். "ஈரம் ஜாஸ்தியாயிடுச்சுங்க. நாத்தம் இங்க வரைக்கும் வருது. காஞ்ச இலையப் போட்டுக் கிளறுங்க." போட்டார். "ஒரு பிடி எடுத்துப் பிழிஞ்சு பாருங்க. தண்ணி சொட்டுதா?" சொட்டவில்லை என்றார். கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் அவர்கள் கோபப்படாமல் அவ்வளவு நேரம் பேசியது அன்றைக்குத்தான் என்று பேக்கரிக்காரர் சொல்வார். மாதங்கள் ஆக ஆகக் குழியின் சூடு தணிந்தது, குரல்கள் மங்கின. கடைசியில் கறுப்பாக, உதிரியாக, மழை மண் வாசனையோடு உரம் கிடைத்தபோது எது யார் சொன்னது என்று அவர்களாலேயே பிரித்துச் சொல்ல முடியவில்லை.

இரண்டாவது வருஷம்தான் அந்த மனுஷன் புத்தியைக் கடன் கொடுத்தார். வீட்டுப் பக்கமும் சந்துப் பக்கமும் ஒன்றுபோலத் திறந்தால் அவளுக்கு இரண்டு வழி தெரியும். சந்து வழியைப் பார்த்தாளானால் அக்கா வீட்டுக்குப் போய்விடுவாள், போனால் திரும்ப மாட்டாள். ஏணிக்காரம்மாவிடம் இந்த வருஷம் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டு, தானே ஏறி வீட்டுப் பக்கம் மட்டும் கழித்தார். பலன் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஒரு மாதத்தில் அவள் பாதம் தெரிந்தது. இன்னும் கொஞ்ச நாளில் வந்துவிடுவாள் என்று அறைக்கு வெள்ளையடித்தார், இரண்டு புதுத் தலையணை வாங்கினார்.

மூன்று மாதம் கழித்துக் காற்றோடு ஒரு மழை பிடித்தது. பாரமெல்லாம் ஒரே பக்கம் நின்ற மாமரம் சந்துப் பக்கமாகச் சாய்ந்தது. வீட்டுப் பக்கத்து வேர்கள் மண்ணைப் பிளந்துகொண்டு மேலே வந்தன. அவள் குரல் ஏதோ வயலுக்கு அப்பாலிருந்து வருவதுபோல் ஆயிற்று. தொரட்டி எட்டவில்லை, தட்டு அப்படியே கிடந்தது. மீட்டர் முள் ஒருவர் தண்ணீருக்குமேல் நகரவில்லை. மீட்டர்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நான்காம் நாள் ஏணிக்காரம்மா வீட்டு வாசலில் போய் நின்றார்.

அவள் வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். "பாரம் பூரா அந்தப் பக்கம் நிக்குது சார். அதைக் குறைச்சாத்தான் மரம் நிமிரும். குறைச்சா அந்தக் கதவும் தெரியும். நீங்கதான் சொல்லணும்."

அவர் அவள் கையிலிருந்த ரம்பத்தை வாங்கிக்கொண்டு ஏணியில் ஏறினார். சந்துப் பக்கத்துப் பெரிய கிளையில் உட்கார்ந்து குரல் கொடுத்தார். "ஏம்மா, கேக்குதா? இந்தப் பக்கத்த நான் வேணும்னேதான் வெட்டாம விட்டேன். நீ போயிடுவியோன்னு பயம். தப்புதான்."

பிறகு மெல்லிசாகக் குரல் வந்தது.

"தெரியும். மூணு மாசமா வெளிச்சம் ஒரே பக்கமாத்தானே வருது."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு ரம்பத்தைக் கிளையின் மேல் வைத்தார்.

"மேலேர்ந்து அறுக்காதீங்க" என்றாள் அவள். "முதல்ல அடியில ஒரு வெட்டுப் போடுங்க. இல்லன்னா பட்டை உரிஞ்சு வந்துடும்."

அடியில் ஒரு வெட்டுப் போட்டு, பிறகு மேலே அறுத்தார். எதிர்ப்பக்கம் எவ்வளவு எடுத்திருந்தாரோ அவ்வளவும் எடுத்தார், ஒரு குச்சி மிச்சம் வைக்கவில்லை. மரம் ஒரு நாளைக்கு ஒரு சாண் வீதம் நிமிர்ந்தது. ஏழாம் நாள் காலையில் தோட்டம் முழுக்க வெயில் விழுந்தது. கொடிக்கயிற்றுக்குப் பக்கத்தில் அவள் நின்றுகொண்டிருந்தாள். நெற்றியோரம் நரைத்திருந்தது. இந்தப் பக்கம் பன்னிரண்டு அடியில் வீடு, அந்தப் பக்கம் பன்னிரண்டு அடியில் மரக்கதவு. அவரைப் பார்த்தாள். வெள்ளையடித்த சுவரைப் பார்த்தாள். பிறகு திரும்பிப் போய் மரக்கதவின் தாழ்ப்பாளை நீக்கி, சந்தில் இறங்கி நடந்தாள்.

"கூப்பிடலையா?" என்றாள் ஏணிக்காரம்மா.

"இல்ல" என்றார். குனிந்து தழைகளை அள்ளிக் குழியில் போட ஆரம்பித்தார்.

எட்டு நாள். அந்த எட்டு நாளும் அவர் வேலைக்குப் போனார், ஆனால் பதினாறு வீடுகளுக்குத் தன் வீட்டு மீட்டர் எண்ணையே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். சாயங்காலம் குச்சி நறுக்கினார். குழியைக் கிளறினார். குரல் ஏதாவது வருமா என்று காது கொடுத்துக் கேட்டார். அந்தச் சந்துப் பக்கத்து இலைகள் சண்டை எதையும் கேட்டிருக்கவில்லை போலும், வெறும் ஆவிதான் வந்தது. மனுஷன் அழுதார். அழுததை யாரும் குறையாகச் சொல்லவில்லை.

ஒன்பதாம் நாள் காலை வாசல் மணி அடித்தது. கையில் அக்கா கொடுத்த பையோடு அவள் நின்றாள். எதிர்வீட்டு பேக்கரிக்காரர் ஷட்டரைத் தூக்கிக்கொண்டே, "என்ன, எட்டு நாளா உங்க குரலையே காணோம்? ஊருக்கா?" என்று கேட்டார். "அக்கா வீட்டுக்கு. அதுக்கு முன்னாடி நீங்க தேடின தோட்டத்துல" என்றாள். அவர் சரி என்று சொல்லிவிட்டு, ரொட்டி இப்போதுதான் சூடாக வந்திருக்கிறது என்றார்.

அந்த மழைக்காலத்திலிருந்து அவள் காதுக்குப் பின்னால் சின்னச்சின்னதாகக் கொய்யா இலை துளிர்க்கத் தொடங்கியது. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, பச்சையாக இருக்கிறது, பூச்சி எதுவும் இல்லை, கவலைப்பட வேண்டாம் என்றார். மாதம் ஒருமுறை மீட்டர்காரர் நகம் வெட்டும் கத்தரியால் அதைக் கழித்துவிடுவார். அப்படி ஒருநாள் கழித்துக்கொண்டிருக்கும்போதுதான் ரொம்ப நாளாக மனதில் கிடந்ததைக் கேட்டார்.

"அன்னைக்கு ரெண்டு எட்டு வெச்சா வீடு. அதை விட்டுட்டு ஊரைச் சுத்தி வாசல் பக்கமா வந்தியே, ஏன்?"

"தோட்டத்துலேர்ந்து வந்திருந்தா நீங்க வெட்டி எடுத்ததாத்தான் ஆயிருக்கும்" என்றாள் அவள். "வாசல் பக்கமா வந்தாத்தானே நானா வந்தேன்னு ஆகும். காதைப் பாத்து, வலிக்குது."

அவர் மெதுவாக வெட்டினார். ஆறு இலைகள் இருந்தன. அவற்றைக் கொண்டுபோய்க் குழியில் போட்டு, மேலே ஒரு கை மண்ணைத் தூவினார்.