எதிரே வருகிறவன்

ரோடு இரண்டாகப் பிரிகிற இடத்தில் லாரியை ஓரங்கட்டிவிட்டு, எதிரே யாராவது வருகிறார்களா என்று ஓட்டுநர் பார்த்துக்கொண்டிருந்தான். இடது பக்கம் புதிய தார் ரோடு. வலது பக்கம் பழைய ரோடு. அதை ரோடு என்று சொல்வது பழக்கதோஷம்தான். குழிகளுக்கு நடுவே அங்கங்கே கொஞ்சம் தார் கிடந்தது. காலையில் காலி வண்டியோடு அதில் வந்ததற்கே இடுப்பு கழன்று விழாத குறை. இப்போது முதுகில் ஜல்லி, அனுமதித்த அளவுக்கு மேல் கும்பாரமாக. இந்தப் பாரத்தோடு அதில் இறங்கினால் அச்சு முறியும். தார் ரோட்டில் போனால் செக்கிங் நிற்கலாம்.

அவன் பேரில் ஏற்கெனவே இரண்டு அதிகபாரக் கேஸ்கள் இருந்தன. மூன்றாவது விழுந்தால் லைசென்ஸ் ரத்து. ஏற்றச் சொல்பவர் முதலாளி, மாட்டுவது ஓட்டுகிறவன். "ரோட்டை நானா போட்டேன்? உனக்கு முடியலன்னா சொல்லு, சாவிய வாங்க வெளிய ஆள் நிக்குது" என்பார் முதலாளி. உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்று சொன்னவன் நிச்சயம் லாரி ஓட்டியிருக்க வேண்டும்.

இத்தனைக்கும் நடுவில் அந்தத் தடத்தில் ஓடுகிறவர்களைக் காப்பாற்றி வந்தது ஒரே ஒரு வழக்கம். செக்கிங்கைப் பார்த்துவிட்டு வருகிறவன், எதிரே வருகிற லாரிக்கு ஹெட்லைட்டை இரண்டு முறை அடித்துக் காட்டுவான். வழி சும்மா கிடந்தால் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, உள்ளங்கை தரையைப் பார்க்க மெதுவாக ஆட்டுவான். டீக்கடை பெஞ்சில் இடம் பிடிக்கச் சட்டையைக் கிழித்துக்கொண்ட இரண்டு பேர் உண்டு. இன்றுவரை முகம் பார்த்துப் பேசுவதில்லை. ஆனால் ரோட்டில் எதிர்ப்பட்டால் லைட் அடிக்காமல் போனதில்லை. பெற்ற தாயைக்கூட ஒரு நேரம் சந்தேகப்படலாம், எதிரே வருகிறவனின் கையைச் சந்தேகப்படக்கூடாது என்பதுதான் அங்கே பேச்சு.

தார் ரோட்டின் வளைவில் ஒரு லாரியின் முகப்பு தெரிந்தது. பச்சைப் பட்டை. மைத்துனனின் வண்டி. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது போல இருந்தது ஓட்டுநருக்கு. வெளியே தலையை நீட்டிச் சிரித்தான். மைத்துனன் வேகத்தைக் குறைக்காமல் கையை வெளியே நீட்டினான். உள்ளங்கை கீழே பார்த்தது. இரண்டு ஆட்டு ஆட்டிவிட்டுக் கடந்து போனான். முகம் நேரே ரோட்டைப் பார்த்தபடி இருந்தது. கண்ணில் வெயில் அடிக்கிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, ஓட்டுநர் இடது பக்கம் திருப்பினான். மனைவியின் தம்பி காட்டிய கை. வேறென்ன வேண்டும்?

பாலம் இறங்கியதும் ஜீப் நின்றது.

எடைமேடைக்குக்கூட அழைத்துப் போகவில்லை. கும்பாரத்தை அண்ணாந்து பார்த்தாலே போதுமானதாக இருந்தது. இன்ஸ்பெக்டர் லாரியின் முன்னால் போய் நின்று லைட்டைப் போடச் சொன்னார். ஓட்டுநர் போட்டான்.

"இன்னொரு தடவ போடு."

போட்டான்.

"ரெண்டுமே எரியல. காலைல எந்த ரோட்ல வந்த?"

"பழைய ரோடு சார்."

"அதான பாத்தேன்" என்றார், அந்த ரோட்டுக்கும் அரசாங்கத்துக்கும் சம்பந்தமே இல்லாதது போல.

லைசென்ஸைக் கொடுக்க ஜீப்புக்குப் பக்கத்தில் போனான். பானெட்டின் மேல், காற்றில் பறக்காமலிருக்க ஒரு கல்லை வைத்து, வேறொரு லைசென்ஸ் கிடந்தது. படத்தில் இருந்த நீலக் கோடு போட்ட சட்டை அவனுடையது. படம் எடுக்கப் போன அன்று மைத்துனனிடம் நல்ல சட்டை இல்லை. ஸ்டுடியோ வாசலில் நின்று இவன் தன் சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, பனியனோடு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தான்.

இன்ஸ்பெக்டர் அவன் பார்ப்பதைப் பார்த்தார். கல்லைத் தூக்கி, அடியில் இருந்ததை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டு, அந்த இடத்தில் அவனுடையதை வைத்தார்.

"ஒரு ஆள அனுப்பி வெக்கிறேன்னு சொன்னான். அனுப்பிட்டான். அவன் கேஸ எழுதல. எனக்குத் தேவை கேஸு, ஆளு யாருங்கறது இல்ல." குரலில் கோபமே இல்லை. "நீயும் போ. எதிர்ல வர்றவனுக்குக் கைய மட்டும் காட்டு. ஒருத்தன் வந்து மாட்டுனா, திரும்பி வரும்போது இத எடுத்துக்கோ. யாரையாவது தப்ப விட்டன்னா, சாயந்திரம் உன் பேர்லயே எழுதிடுவேன்."

கொஞ்ச தூரம் போய் வண்டியை நிறுத்தி, மைத்துனனுக்குப் போன் போட்டான். முதல் மணியிலேயே எடுத்தான். காத்திருந்திருக்கிறான்.

"மாமா..."

"எனக்கு இது மூணாவதுன்னு உனக்குத் தெரியுமில்ல?"

போனில் இன்ஜின் சத்தம் மட்டும் கேட்டது.

"தெரியுமா தெரியாதாடா?"

"தெரியும் மாமா. ரொம்ப நேரமா யாருமே வரல. மொதல்ல வந்தது நீங்கதான். கை தானா வெளிய போயிடுச்சு." பிறகு குரல் இறங்கியது. "அக்காகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க மாமா."

திட்டுவதற்கு வாயில் வந்த வார்த்தைகள் எல்லாமே மனைவியின் குடும்பத்தையும் சேர்த்துச் சுட்டன. போனை வைத்துவிட்டான். லைசென்ஸ் இல்லாமல் வீட்டுக்குப் போய் உட்கார்ந்தால் அவள் கேட்கத்தான் போகிறாள். யார் காட்டிய கையை நம்பி அந்த ரோட்டில் போனாய் என்று கேட்பாள். அவன் உண்மையைச் சொன்னால் அவள் பாதியாக உடைவாள். சொல்லாவிட்டால் அவன் உடைய வேண்டும். வலிக்கிற இடத்தைப் பார்த்து அடிக்க வெளியாளால் முடியாது, சொந்தத்துக்குத்தான் அது தெரியும்.

வண்டியைக் கிளப்பினான். வெயிலில் ரோடு நேராக நீண்டு கிடந்தது. தூரத்தில் ஒரு லாரி வந்துகொண்டிருந்தது, இவனைப் போலவே கும்பாரமாக ஏற்றிக்கொண்டு. நெருங்க நெருங்க, உள்ளே இருந்த ஆள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டுவது தெரிந்தது. நரைத்த மீசை. தெரியாத முகம். என்னப்பா, எப்படி இருக்கு என்று புருவத்தால் கேட்டார்.

கையை நீட்டி நிறுத்தச் சொல்லலாம். வண்டியைக் குறுக்கே திருப்பலாம். ஒரு கத்துக் கத்தினால்கூடக் காதில் விழும் தூரம்தான்.

ஓட்டுநர் கையை வெளியே நீட்டவில்லை. ஹெட்லைட் சுவிட்சைப் போட்டான், அணைத்தான். மறுபடியும் போட்டான், அணைத்தான். முறைப்படி இரண்டு தடவை.

நரைத்த மீசைக்காரர் எரியாத ஹெட்லைட்டுகளை ஒரு கணம் பார்த்தார். பிறகு கையை உயர்த்தி, சிரித்துக் கும்பிடு போட்டுவிட்டுக் கடந்தார். பக்கக் கண்ணாடியில் அந்த லாரி பாலத்தை நோக்கிச் சிறிதாகிக்கொண்டே போனது. ஓட்டுநரின் விரல் சுவிட்சின் மேலேயே இருந்தது. அது இன்னும் அதைப் போட்டுப் போட்டு அணைத்துக்கொண்டிருந்தது.