நாலாம் எண் இல்லாத சர்வர்

டிஸ்க்கை வெளியே இழுத்த அடுத்த நொடி, கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் எடிட்டர்கள் மூன்று பேரும் என் பக்கம் திரும்பாமலே ஒரே நேரத்தில் "ஹேய்!" என்றார்கள். அவர்கள் திரைகளில் கல்யாண மாப்பிள்ளைகள் அப்படியே உறைந்து போனார்கள். நான் பதறி டிஸ்க்கைத் திரும்ப உள்ளே தள்ளினேன். ஐந்து நொடி கூட ஆகியிருக்காது. மாப்பிள்ளைகள் அசையவில்லை.

இதை யாரிடமாவது சொல்லாமல் தூங்க முடியாது. ராத்திரி மணி பன்னிரண்டரை. நான் லோஷினி. தைப்பிங்கில் ஒரு கல்யாண வீடியோ ஸ்டூடியோவுக்கு பாலிடெக்னிக்கிலிருந்து பயிற்சிக்குப் போய் மூன்று வாரமாகிறது. கடையின் எல்லாப் படமும் ஒரே சர்வரில் இருக்கிறது, எட்டு டிஸ்க்கில். ஒன்று செத்தால் மற்ற ஏழும் தாங்கிக்கொள்ளும். இரண்டு விழுந்தால் எல்லாம் போச்சு. இன்னொரு பிரதி எடுத்து வைக்கலாம் என்று சர்வரைப் பார்த்துக்கொள்ளும் மலாய்க்கார அண்ணன் ரிஸால் அபாங் கேட்டபோதெல்லாம், கடை முதலாளியான தவுக்கே, "எட்டு இருக்கே, அது பத்தாதா? உனக்கென்ன, ஒன்பது பொண்டாட்டி வேணுமா?" என்று சிரித்து அனுப்பிவிடுவாராம்.

தவுக்கே சீனர், நாலு என்ற எண் ஆகாது; அவர் பாஷையில் அது சாவு மாதிரி ஒலிக்கும். எங்கள் ஊர் லிஃப்டிலேயே நாலு கிடையாது, அவரை மட்டும் சொல்லி என்ன. சர்வர் வாங்கிய அன்று டிஸ்க்குகளின் மேல் அவர் கையாலேயே ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்: 1, 2, 3, 5, 6, 7, 8, 9. நான் சேர்ந்த முதல் நாளே ரிஸால் அபாங் சொன்னார். "ஸ்கிரீன்ல என்ன நம்பர் வருதோ அதை இடது பக்கத்துலேர்ந்து விரல் வச்சு எண்ணு. ஸ்டிக்கரப் பாக்காத. அது தவுக்கேவோட சாமிக்கு ஒட்டினது." நானும் சிரித்தேன். எனக்குத் தெரியாது என்று சொல்லவே முடியாது.

வெள்ளிக்கிழமை மத்தியானம். அபாங் தொழுகைக்குப் போயிருந்தார். ஐந்தாவது டிஸ்க் புதன்கிழமையே விழுந்துவிட்டது என்று திரையில் சிவப்பாக இருந்தது. சர்வர் இரண்டு நாளாகக் கத்தியதை எல்லோரும் ஏசி சத்தம் என்று நினைத்திருக்கிறார்கள். மாற்று டிஸ்க் மேஜை இழுப்பறையில் இருந்தது. அபாங் வருவதற்குள் மாற்றி வைத்தால், "பரவாயில்லையே டிக்" என்று தங்கையைக் கூப்பிடுவதுபோலச் சொல்வார். அவ்வளவுதான் நினைத்தேன். 5 என்ற ஸ்டிக்கரைப் பிடித்து இழுத்தேன். அது நாலாவது டிஸ்க். நல்லா ஓடிக்கொண்டிருந்த டிஸ்க்.

அபாங் வந்து பார்த்தார். "நீ எதையாச்சும் தொட்டியா?"

"இல்ல அபாங்."

அந்த ஒரு வார்த்தையால் அவர் மத்தியானம் முழுக்க தரையில் கிடந்தார். பவர் சப்ளையை மாற்றினார். மெமரியை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தார். கடைசியில் பின்னால் ஒரு கேபிள் தளர்ந்திருந்ததைக் கண்டுபிடித்து அழுத்தினார். ஐந்து விழுந்தது அந்தக் கேபிளால்தான் போலிருக்கிறது, எட்டு டிஸ்க்கும் உயிரோடுதான் இருந்தன. ஆனால் நாலும் ஐந்தும் கூட்டத்துக்கு வெளியே நின்றன. எது முதலில் விழுந்தது என்ற குறிப்பு, அவர் கரண்ட்டை நிறுத்திப் போட்டதில் அழிந்து போயிருந்தது. கடைசிவரை ஓடிய டிஸ்க்கைத்தான் எழுப்ப வேண்டும். முன்னாலேயே விழுந்ததை எழுப்பினால் பழசும் புதுசும் கலந்து மொத்தமும் குழம்பிப் போகும்.

"நாலுதான் மொதல்ல போயிருக்கும்," என்றார். "காலையில அஞ்சை எழுப்புறேன்." அவருக்கே நம்பிக்கை இல்லாத குரல்.

தவுக்கே வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "கல்யாணப் பொண்ணு நூருலோட அப்பா, கல்யாணம் முடிஞ்சு ஒன்பதாம் நாள் செத்துட்டாரு. அவரு பேசின ஒரே வீடியோ இதுலதான் இருக்கு. திங்கக்கிழமை அந்தப் பொண்ணு வரும். படம் இல்லேன்னா அவகிட்ட நீயே சொல்லிட்டு, அப்படியே வீட்டுக்குப் போயிடு." அபாங் கையில் ஒட்டியிருந்த தூசியைக் கால்சட்டையில் துடைத்தார்.

எது முதலில் விழுந்தது என்று உலகத்திலேயே எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஏழு தடவை போனை எடுத்து வைத்துவிட்டேன். எட்டாவது தடவை அழுத்திவிட்டேன்.

"யாரு... லோஷினியா? என்னம்மா, இந்த நேரத்துல?"

"அபாங், அஞ்சை எழுப்பாதீங்க. அது புதன்கிழமையே விழுந்துருச்சு, நான் ஸ்கிரீன்ல பாத்தேன். நாலை நான்தான் இழுத்தேன். ஸ்டிக்கரப் பாத்து இழுத்துட்டேன்."

அந்தப் பக்கம் கட்டில் கிரீச்சிட்டது. எங்கோ ஒரு மின்விசிறி ஓடியது.

"எத்தனை மணிக்கு?"

"ஒன்னே காலுக்கு."

"திரும்ப எப்ப சொருகினே?"

"அப்பவே."

"அப்போ நாலு கடைசி வரைக்கும் ஓடியிருக்கு," என்றார் மெதுவாக, தனக்கே சொல்லிக்கொள்வதுபோல. "யா அல்லா. நான் தப்பானதை எழுப்பியிருப்பேன்." பிறகு குரல் மாறியது. "நாள் பூரா என்னைத் தரையில படுக்க வச்சுட்டு, பக்கத்துலயே டார்ச் புடிச்சிட்டு நின்னியே."

எனக்கு அழுகைதான் வந்தது. "தவுக்கேகிட்ட சொல்லிடுவீங்களா?"

"நான் சொல்ல மாட்டேன். காலையில ஏழு மணிக்கு வந்துடு. நாலு எந்திரிக்குதான்னு பாப்போம். அப்புறம் அவரு வருவாரு. நீ நிப்பியா, ஓடிப் போவியான்னு உனக்குத்தான் தெரியும்."

அந்தப் பக்கம் அவர் குழந்தை வீறிட்டு அழுதது. என் போனால்தான் விழித்திருக்க வேண்டும். அவர் என்னவோ முணுமுணுத்துக்கொண்டே எழுந்து போனார். போனை அணைக்க மறந்துவிட்டார். நானும் அணைக்கவில்லை. இருட்டில் அதைக் காதில் வைத்துக்கொண்டு படுத்திருக்கிறேன். அவர் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு அந்த அறையில் இப்படியும் அப்படியும் நடக்கிறார். காலடி கிட்டே வருகிறது, தள்ளிப் போகிறது, மறுபடி கிட்டே வருகிறது.