பட்டியலில் இல்லாத வேலை

“அதெல்லாம் சரி. இந்த இடத்தைத் தேய்ச்சது யாரு?”

“துடைச்சதுதான் மேடம். தூசி அப்பிக் கெடந்துச்சு.”

“துடைச்சா இப்படி ஆகாதுண்ணா. மெஷின் போட்டுத் தேய்ச்சிருக்கு. யாருன்னுதான் கேக்குறேன்.”

மெக்கானிக் இசக்கிதுரை கையிலிருந்த பனியன் துணியை நாலாக மடித்தான். மறுபடி பிரித்தான். காலையிலிருந்து அவள் கேட்ட எல்லாவற்றுக்கும் அவனிடம் பதில் இருந்தது. இந்தக் காரின் ஒவ்வொரு திருகும் அவன் விரலுக்குத் தெரியும். இதற்கு மட்டும் அவன் கௌரிசங்கரைத் திரும்பிப் பார்த்தான்.

கௌரிசங்கர் மூன்றடி தள்ளி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். கார் அவருடையது. மேலகரத்தில், குற்றாலம் போகிற சாலையை ஒட்டிய அவர் வீட்டுக்குப் பின்னால் இந்த ஷெட் இருந்தது. தகரக் கூரையில் ஆடிச் சாரல் விழுந்துகொண்டிருந்தது. சத்தம் போடாத, நிற்கவும் செய்யாத மழை. எஞ்சினின் முன்முனையில், இரண்டு விரல் அகலமே உள்ள சமதளத்தில் அந்தப் பெண் டார்ச்சைப் பிடித்திருந்தாள். அங்கே எண்கள் ஆழமாக, நேராக, பளிச்சென்று நின்றன. அவள் அங்கே வந்ததும் பாராட்டுவாள் என்றுதான் அவர் காத்திருந்தார்.

“நான்தான் மேடம்,” என்றான் இசக்கிதுரை. “எனக்குத் தெரியாமப் போச்சு.”

அவள் பெயர் அஃப்ஷான். சென்னையிலிருந்து வந்திருந்தாள். ஒரு பழைய கார் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறதா என்று பார்த்து, பதிவேட்டில் ஏற்றுவது அவள் வேலை.

கார் 1969ஆம் வருஷத்து அமெரிக்கக் கேமரோ. எழுபதுகளில் மதராஸில் இருந்த ஓர் அமெரிக்கர் விற்றுவிட்டுப் போக, கைமாறிக் கைமாறி, புளியறைக்கு அந்தப் பக்கம் மலைமேல் ஒரு ரப்பர் எஸ்டேட்டின் கொட்டகையில் வந்து ஒதுங்கியிருந்தது. கௌரிசங்கரின் மகன் விஜயசங்கர் 2019 டிசம்பரில் விடுமுறைக்கு வந்தபோது அதைக் கண்டுபிடித்தான். பின்சீட்டில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. குஞ்சு பொரிக்கும்வரை காத்திருந்துதான் காரை எடுத்து வந்தான். ஒரு மாதம் அதைச் சுற்றிச் சுற்றி வந்தான், படம் எடுத்தான், படுத்துக்கொண்டு அடியில் பார்த்தான். பிறகு மிச்சிகனுக்குப் போனான். கொரோனா வந்தது. அவன் வரவில்லை.

2022 ஜனவரியில் ஓர் இரவு அங்கே அவன் அறையில் தூங்கப்போனவன் எழுந்திருக்கவில்லை. முப்பத்தாறு வயது. அங்கேயே எரித்தார்கள். அதை இங்கே போனில் பார்த்தார்கள். மாசியில் அவனுடைய நண்பன் ஒருவன் ஒரு கையில் சாம்பலும் மறுகையில் ஒரு பெட்டியுமாக வந்தான். சாம்பலைக் குற்றாலத்தில் கரைத்துவிட்டு வந்து பெட்டியைத் திறந்தார்கள். போல்ட்டுகள். தலையில் அந்தக் காலத்து எழுத்துகள் உள்ள போல்ட்டுகள், ஒவ்வொன்றும் தனித்தனிப் பொட்டலமாக. அவற்றுக்கு அடியில் பதினாறு பக்கங்களில், காரில் செய்யவேண்டிய வேலைகளின் பட்டியல்.

கௌரிசங்கரின் மனைவி உமா மகேஸ்வரி அந்தப் பெட்டியைத் தன் கண்ணில் காட்டவே கூடாது என்று சொல்லிவிட்டாள். மகன் போன பிறகு அவள் ஷெட்டுப் பக்கம் வந்ததில்லை. எஞ்சின் முதல் தடவை ஓடிய அன்று அடுக்களையில் மாவு ஒன்றும் இல்லாமலே கிரைண்டரைப் போட்டுவிட்டு நின்றாள்.

பட்டியல் விசித்திரமாக இருந்தது. அழகாக்கு என்று அதில் ஓர் இடத்திலும் இல்லை. இடது கதவின் இடுக்கு வலதைவிட ஒரு நூல் அதிகம், அப்படியே விடவும். அடிப்பக்கம் பெயிண்ட் வழிந்து உறைந்த இடத்தில் வழிந்தபடியே இருக்கவேண்டும். எஞ்சினுக்குப் பின்னால் உள்ள தகட்டில் ஏதோ ஒரு தொழிலாளி மெழுகுக் கட்டியால் கிறுக்கிய குறி, அதே சாய்வில், அதே அவசரத்தோடு. அந்த அவசரம் வரவே இசக்கிதுரைக்கு ஒரு வாரம் ஆனது. “அழகாப் பண்ணுததுக்கு நான் போதும் அண்ணாச்சி. அசிங்கமாப் பண்ணுததுக்கு அமெரிக்காலேருந்துதான் ஆள் வரணும்,” என்றான். விஜயசங்கர் இறந்த பிறகு கௌரிசங்கர் சிரித்தது அன்றைக்குத்தான்.

அதற்கு முன்பெல்லாம் இசக்கிதுரை அவரைச் சார் என்றுதான் கூப்பிடுவான். அவர் மோட்டார் வாகன ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வண்டியின் எண் தெளிவாக இல்லையென்றால் யாராக இருந்தாலும் திருப்பியனுப்பிவிடுவார். முறையாக அனுமதி வாங்கி, எண்ணை மறுபடி அடித்துக்கொண்டு வரச்சொல்வார். ஓர் ஆடியில், இதே போன்ற சாரலில், புளியறைச் செக்போஸ்ட்டில் எண் மங்கிய வண்டியோடு ஒரு லாரிக்காரர் அவர் முன்னால் கும்பிட்டு நின்றார். சாரல்ல கண்ணுக்குத் தெரியலன்னு எழுதிருங்க சார், உங்களுக்குப் புண்ணியமாப் போவும் என்று கெஞ்சினார். எனக்குக் கண்ணு நல்லாத் தெரியுதுய்யா என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிவிட்டார் இவர். வீட்டில் இந்தக் கதை வரும்போதெல்லாம் விஜயசங்கர்தான் லாரிக்காரர். கையைக் குவித்து, முதுகை வளைத்து, குரலை இழுத்து நடிப்பான். ஊரிலிருந்து யார் வந்தாலும் ஒரு தடவை நடித்துக் காட்டவேண்டும்.

பட்டியல் இந்தச் சித்திரையில் முடிந்தது. கடைசி வரியையும் கோடு போட்டு அடித்த பிறகு, ஒன்று குறைவதைக் கௌரிசங்கர் கண்டார். எஞ்சின் எண் துருவுக்கடியில் மங்கிக் கிடந்தது. தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் பாதிதான் பதிந்தது. ஆர்.டி.ஓ. ஆபீசில் புதிதாகப் பதிவு செய்யும்போது இது தேறாது. அவரே ஆய்வாளராக இருந்தாலும் திருப்பித்தான் அனுப்புவார். விண்ணப்பம் எழுதினார், இரண்டு தடவை நடந்து அனுமதியும் வாங்கினார். தேய்க்கும் மெஷினைக் கையில் எடுத்த பிறகு இசக்கிதுரை, தம்பி இதப்பத்தி ஒண்ணும் எழுதலியே என்று இழுத்தான். மறந்திருப்பான், நாமதான் பாத்துக்கிடணும் என்றார் அவர். அவன் தேய்த்தான். எண் அச்சுகளை வைத்து அவரே சுத்தியலால் அடித்தார். ஒன்றுகூடச் சாயவில்லை. மூன்று வருஷமாக மகன் சொன்னதையே செய்துகொண்டிருந்தவர், அவனுக்காகத் தாமாகச் செய்தது அது ஒன்றுதான். அன்றைக்குப் பல மாதங்களுக்குப் பிறகு நன்றாகத் தூங்கினார்.

“அவன் இல்லம்மா,” என்றார் கௌரிசங்கர் இப்போது. “நான் சொல்லித்தான் தேய்ச்சான். நம்பர் அடிச்சது நான். ஆர்டர் இருக்கு.”

கோப்பை எடுத்து வந்து நீட்டினார். முத்திரை எங்கே, கையெழுத்து எங்கே என்று விரல் வைத்துக் காட்டினார். அஃப்ஷான் முழுவதையும் படித்தாள். எல்லாம் முறையாக இருக்கிறது என்றாள். அதைச் சொன்ன குரலில் மகிழ்ச்சி இல்லை. பிறகு தன் போனில் எதையோ தேடினாள். விஜயசங்கரை அவள் நேரில் பார்த்ததில்லை, ஆனால் இந்தக் கார் பற்றி இரண்டு வருஷம் அவனோடு எழுதிப் பேசியிருந்தாள்.

படத்தில் அதே இடம். துருவை ஒரு விரல் மட்டும் மெதுவாக ஒதுக்கியிருந்தது. விஜயசங்கரின் விரல், நகத்தில் கிரீஸ். மங்கிய எண்களில் ஒன்று கொஞ்சம் சாய்ந்திருந்தது. அவற்றுக்குக் குறுக்கே முடியளவு மெல்லிய கோடுகள் ஓடின. தொழிற்சாலையில் இரும்பைச் சீவும்போது விழுந்த கோடுகள் அவை என்றாள். எண்ணை யார் வேண்டுமானாலும் அடிக்கலாம். அந்தக் கோடுகள் கூடவே இருந்தால்தான் அது அன்றைக்கு அடித்த எண். தேய்த்தால் போய்விடும். என்ன செய்தாலும் திரும்ப வராது.

படத்துக்குக் கீழே அவன் எழுதியிருந்ததை அவள் வாசித்தாள். “அம்பது வருஷமா யார் கையும் படல. நானும் தொடமாட்டேன்.”

கௌரிசங்கர் அந்த விரலைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“அப்ப ஏன் அதைப் பட்டியல்ல எழுதல?”

“செய்யவேண்டியதைத்தானே சார் எழுதுவாங்க,” என்றாள் அவள்.

இசக்கிதுரை வாசலுக்குப் போய் வெளியே பார்த்துக்கொண்டு நின்றான். மலை தெரியவில்லை. அது இருந்த இடத்தில் வெறும் வெள்ளையாக இருந்தது.

அஃப்ஷான் பதிவேட்டின் முன்பக்கத்தைக் காட்டினாள். எஞ்சின் எண்ணுக்கு எதிரே கட்டங்கள் இருந்தன. அசல், மாற்றப்பட்டது. நடந்ததையெல்லாம் உள்ளே குறிப்பில் எழுதுகிறேன் என்றாள், அனுமதி ஆர்டரையும் சேர்க்கிறேன் என்றாள். ஆனால் யாரும் குறிப்புவரை போகமாட்டார்கள். மாற்றப்பட்டது என்று முன்பக்கத்தில் இருந்தால் பழைய கார்க்காரர்கள் மத்தியில் அதற்கு ஒரே அர்த்தம்தான், வேறு எஞ்சினை வைத்துப் பொய் எண் அடித்துவிட்டார்கள் என்பது. அதற்கு நேர்கீழே, காரைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தவர் பெயர் வரும்.

அந்த வரியை அவர் சொல்லி அவள் காலையிலேயே எழுதியிருந்தாள். கௌ. விஜயசங்கர்.

அந்த வரிக்காகத்தான் இத்தனையும். மகன் பெயர் கடைசியாக எழுதப்பட்ட காகிதம் இறப்புச் சான்றிதழ். அதற்குப் பிறகு ஒரு காகிதத்திலாவது அவன் பெயர் வரவேண்டும், அவன் ஒன்றைச் சரியாகச் செய்து முடித்தான் என்று அதில் இருக்கவேண்டும். இதைக் கௌரிசங்கர் யாரிடமும் சொன்னதில்லை, வேறொன்றும் அவர் கேட்டதுமில்லை.

வேண்டுமானால் அந்த இடத்தில் உங்கள் பெயரைப் போட்டுவிடலாம் சார் என்றாள் அஃப்ஷான். அவன் பெயருக்குக் களங்கம் ஒன்றும் வராது. அவள் உண்மையாகவே உதவத்தான் பார்த்தாள்.

“அப்ப அவன் பேரு?”

அவள் பேனாவின் மூடியைக் கழற்றி, திரும்பவும் போட்டாள்.

தகரத்தில் சாரல் கொஞ்சம் வலுத்தது. காரின் நீலம் மங்கிய வெளிச்சத்தில் ஏறக்குறைய கறுப்பாகத் தெரிந்தது. அடிப்பக்கம் வழியவிட்ட பெயிண்ட், ஒரு நூல் அகன்ற கதவு, அவசரத்தில் கிறுக்கிய குறி, எல்லாம் அவன் சொன்னபடியே இருந்தன. இந்த இரண்டு விரல் இடத்தைத் தவிர.

கௌரிசங்கர் படிவங்களைப் பார்த்தே வயதானவர். அவள் விரலுக்கடியில் மூன்றாவதாக ஒரு கட்டம் இருந்தது அவர் கண்ணில் பட்டது. ‘பார்க்க இயலவில்லை’ என்று அதில் இருந்தது.

அவர் ஓர் அடி முன்னால் வந்தார். வாசலில் நின்ற இசக்கிதுரை திரும்பி அவரைப் பார்த்தான், உடனே முகத்தை மழைப் பக்கம் திருப்பிக்கொண்டான். கௌரிசங்கரின் கைகள் நெஞ்சுக்கு முன்னால் வந்து குவிந்திருந்தன. முதுகு வளைந்திருந்தது.

“சாரல்ல வெளிச்சம் பத்தல, கண்ணுக்குத் தெரியலன்னு எழுதுவீங்களாம்மா?”