முதுகுக்குத் தகடு இல்லை

கிட்ட வாருங்கள் கண்ணுகளா, காற்றாடிக்குக் கீழே உட்காருங்கள். இடுப்பு வலிக்காரர்களுக்கு நாற்காலி, மற்றவர்களுக்குப் பாய். ஒருத்தி தன் முதுகைக் கோயிலுக்குக் கொண்டுபோன கதை சொல்லப் போகிறேன். சிரிப்பு வந்தால் அடக்காதீர்கள், அடக்கினால் விலாவில் பிடித்துக்கொள்ளும்.

உலு திராம் என்ற ஊரில் யோகேஸ்வரி என்று ஒருத்தி. செனாய் ஊரில் ஒரு தொழிற்சாலையில் நின்றே வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். நின்ற நிற்பில் வலது முழங்கால் தேய்ந்துபோய், அண்மையில்தான் புது மூட்டு வைத்தார்கள். அதற்கு முன்னால் மாரியம்மன் உண்டியலில் வெள்ளித் தகட்டில் பதித்த கால் ஒன்றைப் போட்டுவிட்டு வந்திருந்தாள். கண் நோவுக்குக் கண், கை நோவுக்குக் கை என்று நம் ஆட்கள் போடுவார்களே, அதுதான். கால் நன்றாகத் தேறியது. வாக்கரைத் தள்ளிக்கொண்டே வீடு முழுக்கப் போய்க் கணவர் மணியத்தை அதட்ட முடிந்தது.

அப்போதுதான் முதுகு தகராறு செய்தது. இடுப்பில் கிளம்பிய வலி கால்விரல் வரை ஓடி, பாதம் மரத்துப் போனது. முதுகெலும்பில் நரம்பு நசுங்குகிறது, திங்கட்கிழமை ஆபரேஷன், தள்ளிப்போட்டால் பாதம் தூக்க முடியாமல் தொங்கிவிடும் என்றார் டாக்டர்.

"நான் வரல," என்றாள் யோகேஸ்வரி.

"அலமாக்! ஏன்மா?" என்றார் மணியம்.

"காலுக்குத்தானே தகடு போட்டேன்? அம்மா காலை மட்டும் பார்த்துட்டா. முதுகுத் தகடு போடாம அந்த மேசையில படுக்க மாட்டேன்."

"அம்மாவுக்குத் தெரியாதா முதுகு எங்க இருக்குன்னு?"

"எத்தனை பேரைப் பார்க்கிறா அவ! நாமதான் சொல்லணும்." பிறகு மெல்லச் சொன்னாள்: "முட்டியை அறுத்தப்ப பயமில்லைங்க. முதுகுல கத்தி வச்சா, எந்திரிப்பனான்னு இருக்கு."

மணியம் கார்ச் சாவியை எடுத்தார்.

பூசைப் பொருள் கடைக் குணாளன் பெட்டியைத் திறந்து காட்டினான். கண், காது, கை, கால், வயிறு, தொட்டில். தேள்கூட இருந்தது.

"தேளுக்கு இருக்கு, முதுகுக்கு இல்லியா?" என்றாள் யோகேஸ்வரி.

"யாரும் கேட்டதில்லக்கா. முழுப் பொம்பளை உருவம் இருக்கு. குப்புறப் போட்டுடுங்க, முதுகுதானே லா!"

யோகேஸ்வரி வாங்கித் திருப்பிப் பார்த்தாள். மெல்லிய தகடு அல்லவா? பின்பக்கம் மூக்கு இருந்த இடம் குழியாகவும் வயிறு இருந்த இடம் கிண்ணமாகவும் கிடந்தது.

"என்னங்க, இவளுக்கு முதுகே இல்லீங்க!"

"பின்ன எப்படி நேரா நிக்கிறா?" என்றார் மணியம்.

"உங்களை மாதிரிதான், வாயாலயே."

வேறு வழியில்லாமல் அதையே வாங்கிக்கொண்டு கோயிலுக்குப் போனார்கள். ஒரு கையில் வாக்கர், மறு கையில் தகடு. உண்டியலை எட்டும் நேரத்தில் தகடு நழுவிக் கீழே விழுந்தது. குனியவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அம்மன் பொருள் தரையில் கிடக்கலாமா? குனிந்தாள். பிடித்துக்கொண்டது. நிமிர முடியவில்லை.

குருக்கள் பார்த்தார். ஆகா, எப்பேர்ப்பட்ட பக்தி என்று கற்பூரத் தட்டோடு வந்து மணியடித்தார். மனைவியின் முகத்தைப் பார்க்க மணியமும் பதறிக் குனிந்தார். பின்னால் அர்ச்சனைக்கு நின்றவர்கள் இன்று இப்படித்தான் போலிருக்கிறது என்று வரிசையாகக் குனிந்துவிட்டார்கள்.

"இன்னிக்கு என்னங்க விசேஷம்?" என்று யாரோ கேட்டது காதில் விழுந்தது.

"என் முதுகுதான்!" என்று தரையைப் பார்த்தபடியே சொன்னாள் யோகேஸ்வரி.

அவள் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் மணியத்தின் பாதங்கள்தான். அவை நடுங்கிக்கொண்டிருந்தன. எனக்குப் பயமென்றால் இந்த மனுசனுக்கு என்னைவிட ரெண்டு பங்கு இருக்கிறதே என்று அவளுக்குத் தோன்றியது. தகட்டுக்காரிக்கு முதுகில்லை, தனக்கோ கோணலோ நசுங்கலோ ஒன்று இருக்கிறது. அதுவும் இப்போது அம்மன் கண்ணுக்கு நேர் எதிரே!

"தாயே, தகட்டை விடு. அசலையே காட்டிட்டேன். நல்லாப் பார்த்துக்க. திங்கக்கிழமை மறந்துடாதே," என்றாள்.

"வரியா அப்ப?" என்றார் மணியம், குனிந்தபடியே.

"வரேன். முதல்ல யாராச்சும் என்னை நிமிர்த்துங்க!"

நாலு பேர் சேர்ந்து, அரோகரா சொல்லி, நிமிர்த்தினார்கள்.

திங்கட்கிழமை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மயக்கம் தெளிந்ததும் கால் கட்டை விரலை ஆட்டிப் பார்த்தாள். ஆடியது. மணியம் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

"அழுததெல்லாம் போதும். கோப்பி வாங்கிட்டு வாங்க, சீனி குறைச்சு," என்று அதட்டினாள். அதற்கப்புறம்தான் அவர் சிரித்தார்.

கேட்டிருந்த கண்ணுகளே, உங்கள் வீட்டில் உட்கார்ந்தவர்கள் வலியில்லாமல் எழட்டும். எழ முடியாதவர்களுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு தோள் பக்கத்திலேயே இருக்கட்டும். அடுப்பும் சிரிப்பும் அணையாமல், எல்லாரும் நிமிர்ந்து நல்லா இருங்கள்.