வாரத்துக்கு இருபத்து நாலு பீரியட்

எனக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு காகிதம். 'ஏழு வருஷம் எங்கள் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்த பிரிஜெட்டை இன்றோடு பணியிலிருந்து விடுவிக்கிறோம்' என்று ஒரு வரி, கீழே ஹெட்மாஸ்டர் யூஜினின் கையெழுத்து, பக்கத்தில் ரப்பர் ஸ்டாம்ப். மூன்று வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். பிச்சைக்காரி கூட இத்தனை தடவை ஒரே வாசலில் நின்றிருக்கமாட்டாள்.

யாழ்ப்பாணத்தில் அப்பா பாரிசவாதம் வந்து படுத்துவிட்டார். அம்மாவுக்கும் வயதாகிவிட்டது. நான் ஒரே பிள்ளை. எங்கள் ஊர்ப் பெண்கள் பள்ளியில் ஆங்கில ஆசிரியை வேலை ஒன்று காலியாக இருந்தது. ஜனவரி இரண்டாம் தேதி ரிலீவிங் ஆர்டரோடு வந்து நின்றால் வேலை எனக்கு, இல்லாவிட்டால் அடுத்த ஆளுக்கு என்று மானேஜர் எழுதியிருந்தார். அந்த வேலை இல்லாமல் அப்பாவை வைத்துப் பார்க்க வழியில்லை. இதை எல்லாம் யூஜினிடம் ஆதியோடந்தமாகச் சொல்லியிருந்தேன். அவரும் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டிருந்தார்.

"ஃபங்ஷன் அன்னிக்கு மேடையில தரேன் மிஸ். அப்பத்தான் மரியாதையா இருக்கும்."

அந்த ஃபங்ஷன் 1957 டிசம்பர் இருபதாம் தேதி, வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து சேர்ந்தது. மறுநாள் காலை கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் எனக்கு மெட்ராஸ் ரயில். அங்கிருந்து தனுஷ்கோடி, பிறகு கப்பல். என் டிரங்குப் பெட்டியைக் கட்டியாகிவிட்டது. காகிதம் மட்டும் இல்லை.

முதலில் குரூப் போட்டோ. போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டபிறகுதான், ஹெட்மாஸ்டருக்கு வலப்பக்கம் யார் உட்காருவது என்ற பிரச்சினை கிளம்பியது. கணக்கு டீச்சர் ஜகதாம்பாள் தான்தான் சீனியர் என்றாள். கன்னட பண்டிதர் கோவிந்தப்பா, தான் அவளுக்கு எட்டு மாதம் முந்தி சேர்ந்ததாகச் சொன்னார். ஆபீஸ் ரூமிலிருந்து ரெஜிஸ்டர் வந்தது. வெளிச்சம் போய்க்கொண்டே இருந்தது. நான் கழுத்தில் ஈரமாலையோடு நடு நாற்காலியில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"சேர், அந்த ஓடர்?" என்று யூஜின் பக்கம் சாய்ந்து கேட்டேன்.

"சிரிங்க மிஸ், போட்டோ எடுக்கறாரு."

பிறகு பேச்சு. ஜகதாம்பாள் எழுந்து, "பிரிஜெட் எனக்குக் கூடப்பிறக்காத தங்கை மாதிரி" என்று ஆரம்பித்தாள். எனக்கு ரத்தம் கொதித்தது. இவள் எப்பேர்ப்பட்ட அக்கா என்று எனக்குத்தான் தெரியும். எங்கள் ஸ்டாஃப் ரூமில் வகுப்பில்லாத பீரியடை லீஷர் என்போம். அந்த லீஷரைக் காப்பாற்ற அங்கே நடந்த சண்டைகளைப் போல் குழாயடியில்கூடப் பார்த்ததில்லை. யாராவது வரவில்லையென்றால் அவர் வகுப்புக்கு யார் போவது என்று சீட்டு வரும். சீட்டு கண்ணில் பட்டதும் கோவிந்தப்பாவுக்கு வயிற்று வலி. சயன்ஸ் டீச்சர் ரமா ஆய்வறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். எனக்கு மஞ்சள் காமாலை வந்து பன்னிரண்டு நாள் படுத்துவிட்டுக் கண்ணில் மஞ்சளோடு திரும்பி வந்தபோது, ஜகதாம்பாள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது:

"உங்களால என் லீஷர் நாலு போச்சு. எப்போ திருப்பித் தரப்போறேள்?"

நாலையும் திருப்பிக் கொடுத்தேன். கொடுக்கும்வரை அவள் விடவில்லை. ஏழு வருஷத்தில் ஒருநாள்கூட எனக்காக ஒருவரும் மனமுவந்து ஒரு வகுப்புக்குப் போனதில்லை. அவர்கள்தான் இப்போது மேடையில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றார்கள்.

கோவிந்தப்பா கன்னடத்தில் எழுதிய வாழ்த்துப் பத்திரத்தை இருபத்தைந்து நிமிஷம் படித்தார். மூன்றடி நீளக் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்தது. இதைத் தூக்கிக்கொண்டு நான் எப்படிக் கப்பல் ஏறுவது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. கடைசியாக யூஜின் பழுப்பு நிறக் கவர் ஒன்றை என் கையில் கொடுத்தார். எல்லோரும் கைதட்டினார்கள். சபை மரியாதை தெரியாதவள் என்று நினைத்தாலும் பரவாயில்லை என்று அங்கேயே கிழித்துப் படித்தேன்.

'ஒரு வருஷம் சம்பளமில்லா விடுமுறை அனுமதிக்கப்படுகிறது.'

மேடையில் ஒன்றும் பேசவில்லை. பிள்ளைகள் இருந்தார்கள். ஸ்டாஃப் ரூமுக்குள் வந்து கதவு சாத்தியதும் கவரை மேஜையில் அடித்தேன்.

"சேர், நான் உங்களிட்ட லீவா கேட்டனான்? மூண்டு கிழமையா என்ன சொல்லிக்கொண்டிருக்கிறன்? லீவில இருக்கிற ஆளை அங்க வேலைக்கு எடுக்கமாட்டினம்!"

"கோவிச்சிக்காதீங்க மிஸ்," என்றார் யூஜின். "ஒரு வருஷம் உங்க போஸ்ட்ட காலியா வெச்சிருக்கோம். பேப்பர்ல டெய்லி படிக்கிறோமில்ல? அங்க சிங்களம் மட்டும்தான்னு சட்டமே போட்டுட்டாங்க. நாளைக்கு இங்லீஷ் டீச்சர வேண்டாம்னு அனுப்பிட்டா என்னா பண்ணுவீங்க? திரும்பி வரதுக்கு எடம் வேணாமா?"

"காலியா வைக்க மானேஜ்மென்ட் விடாதே. என்ர இருபத்து நாலு பீரியடும் ஆர் எடுக்கிறது?"

யூஜின் மேஜை இழுப்பறையிலிருந்து இன்னொரு காகிதத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். மானேஜ்மென்டுக்கு எழுதிக்கொடுத்த உறுதிமொழி. 'மிஸ் பிரிஜெட் திரும்பும்வரை அவருடைய வகுப்புகளை நாங்கள் எடுத்துக்கொள்வோம்.' ஜகதாம்பாள் எட்டு. கோவிந்தப்பா ஆறு. ரமா ஐந்து. யூஜின் ஐந்து. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே கையெழுத்து. ஜகதாம்பாளுக்கு வாரத்தில் இருந்த லீஷரே எட்டுதான்.

இதைப் படித்தால் யாருக்கும் மனசு இளகியிருக்கும். எனக்கு இன்னும் கோபம்தான் வந்தது. கோவிந்தப்பா என் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் நடத்துவதா? என்னைக் கேட்காமல் நாலு பேர் கூடி என் தலையெழுத்தை எழுதிவைப்பதா?

"ஒருதரும் எனக்கு ஏன் சொல்லேல்ல?"

"சொன்னா நீங்க பேடா, வேண்டாம் அம்பீங்க மிஸ்," என்றார் கோவிந்தப்பா, தரையைப் பார்த்துக்கொண்டு. "நான் கிராமர் ஒந்து தொடறதில்ல. ரீடிங் மட்டும்."

"ரெண்டுந்தான் இருக்கட்டுமே," என்றாள் ரமா. "அங்க சேந்து பாருங்க, பிடிக்கலேன்னா..."

"ரெண்டும் இருக்க ஏலாது!" என்று கத்தினேன். "ஓடர் இல்லாமல் போனால் வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் அப்பாவை ஆர் பார்க்கிறது? நான் ஒரு வருஷத்துக்குப் போகேல்ல. அவர் இருக்கும்வரைக்கும், அவருக்குப் பிறகு அம்மா இருக்கும்வரைக்கும். நான் திரும்பி வரமாட்டன்."

அந்தக் கடைசி வார்த்தையை அன்றுவரை நான் எனக்கே சொல்லிக்கொண்டதில்லை. சொன்னபிறகுதான் அது எவ்வளவு நிஜம் என்று தெரிந்தது. யூஜின் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். பிறகு பள்ளிப் பெயர் அச்சிட்ட தாள் ஒன்றை எடுத்துக் கையாலேயே எழுத ஆரம்பித்தார். டைப் அடிக்கும் கிளார்க் போய்விட்டிருந்தார்.

"இன்னிக்குத் தேதியே போடட்டுமா மிஸ்?"

"போடுங்கோ சேர்."

கையெழுத்துப் போட்டு, ஸ்டாம்பை வாயால் ஊதிக் குத்தினார். மூன்று வாரமாக நான் கேட்ட காகிதம். கையில் வாங்கியதும் சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தேன். ஒரு மண்ணும் வரவில்லை. இனி இந்த அறையில் என் நாற்காலி என்று ஒன்று கிடையாது என்பது மட்டும் புரிந்தது.

"இனி நீங்க ஒருதரும் கஷ்டப்படத் தேவையில்லை," என்றேன். "புது ஆளை எடுங்கோ."

"வருஷத்துக்கு நடுவுல யாரு மிஸ் வருவாங்க? ஜூன்லதான்," என்றார் யூஜின்.

ஜகதாம்பாள் அந்த உறுதிமொழிக் காகிதத்தை எடுத்தாள். கிழிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். பேனாவைத் திறந்து, 'திரும்பும்வரை' என்பதை அடித்துவிட்டு 'ஜூன் வரை' என்று எழுதினாள். தன் பெயருக்கு எதிரே இருந்த எட்டைத் தொடவில்லை.

"போய் உங்கப்பாவைப் பாருங்கோ," என்றாள். "பத்தாம் கிளாஸை நான் பாத்துக்கறேன். பரீட்சைக்குள்ள போர்ஷனை முடிச்சுடுவேன்."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கோபமும் அதோடு சேர்ந்தே வந்தது.

"இந்த ஒரு வார்த்தையை ஏழு வருஷத்தில ஒருநாளாவது சொல்லியிருக்கலாமே ஜகதாம்பாள்! காமாலையோட வந்து நிண்டனே, அண்டைக்குச் சொல்லியிருக்கலாமே!"

அவள் பேனாவை மூடி ரவிக்கையில் செருகிக்கொண்டாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அப்போ நீங்க இங்கதானே இருந்தேள்," என்றாள்.